கல் கீழே விழுவதற்குள்

என் பாட்டிக்கு விரல் மூட்டுகள் எல்லாம் புடைத்து, கை இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். ஊசியில் நூல் கோக்க வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவாள். ஆனால் கோடை விடுமுறையில் திண்ணையில் அஞ்சாங்கல் ஆட உட்கார்ந்துவிட்டால், தெருப் பொடிசுகள் ஒருவரும் அவளிடம் ஜெயித்ததில்லை. வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். கை பாட்டுக்குக் கல்லை எறியும், பொறுக்கும், பிடிக்கும்.

அஞ்சாங்கல் ஆடியிராதவர்களுக்காக ஒரு வரி. ஐந்து கூழாங்கற்களைத் தரையில் இறைத்து, ஒன்றை எடுத்து மேலே எறிய வேண்டும். அது கீழே வருவதற்குள் தரையில் கிடக்கும் இன்னொன்றை அதே கையால் எடுத்து, எறிந்ததையும் பிடித்துவிட வேண்டும். அவ்வளவுதான் முதல் ஆட்டம். அதற்குப் பிறகு இரண்டிரண்டாக, மூன்றும் ஒன்றுமாக, நான்கையும் ஒரே அள்ளாக என்று போகும்.

கல்லை அரை மீட்டர் உயரத்துக்கு எறிந்தால், அது மேலே போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? 0.64 நொடி. ‘ஒன்று’ என்று நிதானமாகச் சொல்லி முடிப்பதற்குள் கல் வந்துவிடும். அதற்குள் கை கீழே இறங்கி, சரியான கல்லின் மேல் நின்று, விரல்களைக் குவித்து, பக்கத்துக் கல்லில் படாமல் எடுத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கல் வந்து விழும் இடத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். இத்தனையையும் யார் செய்கிறார்கள்?

‘கைதான்’ என்பீர்கள். சரி, கையிலிருந்தே தொடங்குவோம்.

இடது கையால் உங்கள் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களை ஹார்மோனியம் வாசிப்பதுபோல ஆட்டுங்கள். ஆடுவது விரல். ஆனால் துள்ளுவது எது? நீங்கள் பிடித்திருக்கும் இடம்! விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை. பெரிய தசைகள் முன்கையிலும் சின்னத் தசைகள் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் என்ற கயிறுகள் விரல் எலும்புகள் வரை போகின்றன. தசை சுருங்கினால் கயிறு இழுபடும், விரல் மடங்கும். அச்சு அசலாகப் பொம்மலாட்டம். இப்படி யோசித்துப் பாருங்கள்: அத்தனை தசையையும் விரலிலேயே வைத்திருந்தால் நம் விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் பருமனுக்கு இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அஞ்சாங்கல் ஆட முடியாது, மூக்குக்கூடச் சொறிய முடியாது.

கயிறுகள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றில் ஒரு சிக்கலும் உண்டு. கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி, மற்ற விரல்களின் நுனிகள் மேசையில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலைத் தூக்குங்கள், வரும். சுட்டுவிரல் வரும், சுண்டுவிரலும் வரும். மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். ஆணி அடித்ததுபோல அசையாது! புறங்கையில் மோதிர விரலின் கயிறும் நடுவிரலின் கயிறும் குறுக்குப் பட்டைகளால் இணைக்கப்பட்டிருக்கின்றன. நடுவிரலை மடக்கியதும் அது மோதிர விரலின் கயிற்றையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. மூளை எவ்வளவுதான் கட்டளை போட்டாலும், கயிறு விட்டால்தானே விரல் எழும்பும்?

இந்தக் கயிறுகளை ஆட்டுவிப்பது மூளைதான் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூளையில் எந்த இடம்? லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற மருத்துவர் இருந்தார். வலிப்பு வந்தவர்களை அவர் மிகக் கூர்ந்து கவனித்தார். சிலருக்குத் துடிப்பு கட்டைவிரலில் தொடங்கி, கைக்கு ஏறி, தோளுக்குப் போய், முகத்துக்கு வந்தது. வழி தெரிந்து நடப்பதுபோல ஒரே வரிசையில் நகர்ந்தது. மூளையின் மேற்பரப்பில் உடம்பின் பாகங்கள் அடுத்தடுத்து வரிசையாக இருக்க வேண்டும், அதன்மேல்தான் இந்தத் துடிப்பு ஊர்ந்து போகிறது என்று அவர் ஊகித்தார். மண்டையோட்டைத் திறக்காமலே, கண்ணால் பார்த்ததை வைத்து மட்டும் செய்த ஊகம் இது.

1870இல் பெர்லினில் ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் செய்த சோதனை அதற்கு வலுச் சேர்த்தது. நாயின் மூளையில் முன்பக்கமாக ஒரு பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டபோது கால் அசைந்தது. அதுவும் எதிர்ப்பக்கத்துக் கால்! ஆய்வுக்கூடம் கிடைக்காததால் ஹிட்சிக்கின் வீட்டில், அலங்கார மேசையின்மேல் வைத்தே இதைச் செய்தார்களாம். நாயை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இன்று அப்படி யாரும் வீட்டில் வைத்துச் செய்ய முடியாது.

மனித மூளையின் வரைபடம் கனடாவில் உருவானது. மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், கடுமையான வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு மூளையில் அறுவை செய்துவந்தார். எந்த இடத்தை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் நோயாளியை விழித்திருக்க வைத்தே அறுவை செய்தார். பதறாதீர்கள். தோலை மரத்துப்போகச் செய்துவிட்டால் போதும், மூளையைத் தொட்டால் வலிக்காது. உடம்பின் எல்லா வலியையும் உணரும் மூளைக்குத் தன் வலி தெரியாது.

மெல்லிய மின்கம்பியால் ஓரிடத்தைத் தொட்டார், நோயாளியின் கை அசைந்தது. கொஞ்சம் தள்ளித் தொட்டார், விரல் மடங்கியது. நோயாளிகளைக் கேட்டால், ‘நான் ஆட்டவில்லை, டாக்டர்தான் ஆட்டினார்’ என்கிற மாதிரி சொல்வார்களாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதுகு சிலிர்க்கும். கை அவர்களுடையது, மூளையும் அவர்களுடையது, ஆனால் அசைவு மட்டும் அவர்களுடையது இல்லை!

இப்படிப் பலருடைய மூளைகளில் தொட்டுப் பார்த்ததை வைத்து 1937இல் பென்ஃபீல்டும் அவருடன் வேலை செய்த ஒருவரும் ஒரு படம் வெளியிட்டார்கள். ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஹேர்பேண்ட் மாட்டினால் அது தலையில் படியும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதற்கு நேர் கீழே மூளையில் ஒரு பட்டை ஓடுகிறது. அதுதான் இயக்கப் புறணி. உச்சியில் கால்விரல்கள், கொஞ்சம் கீழே இடுப்பு, பிறகு தோள், கை, விரல்கள், இன்னும் கீழே முகம், நாக்கு. அந்தப் பட்டையில் கைக்குக் கிடைத்திருக்கும் இடத்தைப் பார்த்தால், நெஞ்சும் முதுகும் பொறாமைப்பட வேண்டும்! அவ்வளவு பெரிய முதுகுக்குச் சின்னத் துண்டு. விரல்களுக்கோ தாராளமான வயல். யார் பெரியவர் என்று பார்த்து மூளை நிலம் பிரிக்கவில்லை. யார் நுணுக்கமாக வேலை செய்கிறார் என்று பார்த்துப் பிரித்திருக்கிறது. ஜாக்சன் பார்த்த துடிப்புகள் ஏன் பெரும்பாலும் கட்டைவிரலிலோ வாயோரத்திலோ தொடங்கின என்பதும் இப்போது புரிகிறது அல்லவா? வயல் பெரிதாக இருந்தால் தீப்பொறி அங்கே விழுகிற வாய்ப்பும் அதிகம்.

இயக்கப் புறணியிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் ஒரு பக்கத்துக்குச் சுமார் பத்து லட்சம் நரம்பிழைகள் தண்டுவடத்தை நோக்கிக் கிளம்புகின்றன. பிடரிக்கு உள்ளே, முகுளம் என்ற இடத்தில், பத்தில் ஒன்பது பங்கு இழைகள் பக்கம் மாறிக்கொள்கின்றன. பாட்டியின் வலது கையை ஆட்டுவித்தது இடது மூளை.

மூளையில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 1980களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜார்ஜோபூலஸ் என்பவரும் அவர் குழுவினரும், குரங்குகள் வெவ்வேறு திசையில் கையை நீட்டும்போது இயக்கப் புறணியின் செல்கள் என்ன செய்கின்றன என்று ஒட்டுக்கேட்டார்கள். ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு பிடித்த திசை இருந்தது. கை அந்தத் திசையில் போகும்போது அது படபடவென்று துடித்தது. பக்கத்துத் திசையென்றால் கொஞ்சம் குறைவு, எதிர்த்திசையென்றால் கிட்டத்தட்ட மௌனம். எந்த ஒரு செல்லும் துல்லியமாக வழி சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான செல்களின் இழுப்பைக் கூட்டிப் பார்த்தபோது, கை போகும் திசை பளிச்சென்று கிடைத்தது.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கும் நூறு பேரும் ஒரே கோட்டில் இழுப்பதில்லை. ஒருவர் இப்படிச் சாய்ந்து இழுப்பார், இன்னொருவர் அப்படி. சிலர் வடத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா நடப்பார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். தேர் என்னவோ அத்தனை இழுப்பும் சேர்ந்த திசையில் போகிறது. உங்கள் கை கல்லை நோக்கிப் போவதும் அப்படித்தான்.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. 2012இல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பக்கவாதத்தால் ஏறக்குறைய 15 ஆண்டுகளாகக் கைகால் அசைக்க முடியாமல் இருந்த ஒரு பெண்மணி. அவருடைய இயக்கப் புறணியில், கைக்குரிய வயலில், நான்கு மில்லிமீட்டர் அகலச் சில்லு ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதில் 96 மெல்லிய முனைகள். ‘கையை அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்று அவர் நினைத்ததும், அந்தப் பகுதிச் செல்கள் வடம் இழுக்கும் திசையைக் கணினி கூட்டிப் பார்த்து, ஒரு ரோபோக் கையை அந்தத் திசையில் நகர்த்தியது. ரோபோக் கை காப்பி பாட்டிலை எடுத்து அவர் வாயருகே கொண்டுவந்தது. அவர் உறிஞ்சுகுழலில் குடித்துவிட்டுச் சிரித்தார். அத்தனை ஆண்டுகள் கழித்து, யாரும் ஊட்டாமல், அவரே எடுத்துக் குடித்த காப்பி.

சரி, கட்டளை போடும் இடமும் தெரிந்தது, இழுக்கும் கயிறும் தெரிந்தது. கணக்கு முடிந்ததா? இல்லை. நேரம் இடிக்கிறது.

வீட்டில் ஒரு புதிய பத்து ரூபாய் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரிடம் பந்தயம் கட்டுங்கள். நோட்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடியுங்கள். நண்பர் தன் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் நோட்டின் நடுவில், அதில் படாமல், திறந்து வைத்திருக்கட்டும். நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விட வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். பிடித்தால் நோட்டு அவருக்கு. தைரியமாகக் கட்டலாம்! நோட்டின் நீளம் 12.3 செ.மீ. பாதி நீளம் விரல்களைக் கடந்து விழ 0.11 நொடிதான் ஆகும். விழுவதைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரலுக்குச் சொல்லி, விரல் மூடுவதற்குச் சுமார் 0.2 நொடி வேண்டும். (உங்கள் நேரத்தை அளக்க 30 செ.மீ. ஸ்கேலை இதேபோல விட்டுப் பாருங்கள். 11 செ.மீ.யில் பிடித்தால் 0.15 நொடி, 20 செ.மீ.யில் பிடித்தால் 0.2 நொடி, ஸ்கேலே கைநழுவிப் போனால் கால் நொடிக்கு மேல்.)

நரம்பில் செய்தி போவதும் ஒரு நொடியில் உலகைச் சுற்றுகிற வேகம் ஒன்றும் இல்லை. 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிவியலாளர் தவளையின் கால் நரம்பில் அளந்தபோது நொடிக்கு 27 மீட்டர்போலக் கிடைத்தது. நம் கை நரம்புகளில் நொடிக்கு 50, 60 மீட்டர். மூளையின் பட்டையிலிருந்து விரல் தசை வரை போய்ச்சேர 0.02 நொடி ஆகிறது. ஆக, தபால் வேகமாகத்தான் போகிறது. பார்ப்பதிலும் புரிந்துகொள்வதிலும்தான் நேரம் கழிகிறது.

இப்போது அதே நோட்டை உங்கள் இடது கையால் நீங்களே விட்டு, வலது கையால் நீங்களே பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் பிடித்துவிடுவீர்கள்! அதே கண், அதே நரம்பு, அதே விரல். என்ன மாறியது?

இன்னொன்றும் செய்துவிடுங்கள். கண்ணை மூடி, வலது உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். அதன்மேல் ஒரு தடித்த அகராதியை வைக்கச் சொல்லுங்கள். அம்மாவோ தம்பியோ திடீரென்று அதைத் தூக்கினால் உங்கள் கை தானாக மேலே துள்ளும். பிறகு அதே அகராதியை உங்கள் இடது கையாலேயே தூக்குங்கள். வலது கை அசையாமல் அப்படியே நிற்கும். அகராதியின் எடை போகப்போகிறது என்பது வலது கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

யார் சொன்னது? தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் பதுங்கியிருக்கும் சிறுமூளைக்கு இதில் பெரிய பங்கு. அரசாங்கக் கடிதங்களின் அடியில் ‘நகல்:’ என்று போட்டு யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? மூளையும் அதே முறைதான். கைக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. ‘இந்தக் கட்டளை நிறைவேறினால் கை எங்கே இருக்கும், எடை எவ்வளவு கூடும், தோலில் என்ன படும்’ என்று சிறுமூளை கணித்து வைத்துக்கொள்கிறது. உண்மையான செய்தி கையிலிருந்து வந்து சேரும் முன்பே பதில் தயார். வந்த செய்தி கணிப்போடு ஒத்துப்போனால் பேச்சு மூச்சில்லை. ஒத்துப்போகாவிட்டால் அடுத்த முறைக்குக் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

பெயரில்தான் ‘சிறு’. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கு இருக்கும். ஆனால் நம் மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்ட முடியாதே, ஏன்? இதே காரணம். 1990களின் இறுதியில் லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோர் என்பவரும் துணையாளர்களும் ஒரு குறும்பான கருவியை வைத்து இதைச் சோதித்தார்கள். நீங்கள் இடது கையால் கைப்பிடியை அசைத்தால், கருவி உங்கள் வலது உள்ளங்கையில் பஞ்சுத் துண்டால் தடவும். உடனே தடவினால் கூச்சம் குறைவாகவே இருந்தது. அசைவுக்கும் தடவலுக்கும் நடுவே 0.2 நொடி தாமதத்தைப் புகுத்தியதும் கூச்சம் கூடியது! கணிப்பு ஒரு நேரத்துக்குத் தயாராக இருக்க, செய்தி வேறொரு நேரத்துக்கு வந்தால், அது யாரோ செய்த வேலை என்று மூளை எடுத்துக்கொள்கிறது.

கையிலிருந்து செய்தியே வராமல் போனால் என்ன ஆகும்? 1971இல் இங்கிலாந்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு நோயால் கழுத்துக்குக் கீழே தொடு உணர்வு போய்விட்டது. அதோடு, கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உணர்வும் போயிற்று. தசைகளுக்குள் இழுவையை அளந்து சொல்லும் நுண்ணிய உறுப்புகள் நம் எல்லோருக்கும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொட முடிவது அவற்றால்தான். அவருடைய தசைகளில் வலு இருந்தது, கட்டளையும் போயிற்று. ஆனாலும் எழுந்து உட்கார முடியவில்லை, கைகள் தாமாக அலைந்தன. பல மாத முயற்சிக்குப் பிறகு, ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்தார். நின்றுகொண்டிருக்கும்போது விளக்கு அணைந்தால் மட்டும் அப்படியே சரிந்துவிடுவார்.

இதற்கு நேர்மாறாக, கையே இல்லாதவர்களுக்குக் கை இருப்பதாகத் தோன்றுவதும் உண்டு. விபத்தில் கையை இழந்த சிலருக்கு, இல்லாத கை விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு வலிப்பதுபோல இருக்கும். ‘திற’ என்று மூளை கட்டளை போடுகிறது. ‘திறந்தாயிற்று’ என்று சொல்லக் கை இல்லையே! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போன வி. எஸ். ராமச்சந்திரன் இதற்கு 1990களில் ஒரு வழி கண்டுபிடித்தார். கோடிக் கணக்கில் செலவான இயந்திரம் ஏதுமில்லை. மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப் பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி. இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன் வைத்துப் பார்த்தால், இல்லாத கை அந்தப் பக்கம் இருப்பதுபோலத் தெரியும். இருக்கும் கையை விரித்ததும் கண்ணாடிக் கையும் விரிந்தது. மூளை எதிர்பார்த்திருந்த பதில் கண் வழியாக வந்து சேர்ந்தது. சிலருக்கு அந்த இறுக்கம் அங்கேயே தளர்ந்தது.

இனி திண்ணைக்குப் போவோம். பாட்டி எறியும் கல் எப்போதும் ஒரே உயரத்துக்குத்தான் போகும், தன் நெற்றி மட்டத்துக்கு. சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் முறை எறிந்தாளோ, அத்தனை முறையும் சிறுமூளை கணக்கைத் திருத்தித் திருத்தித் தேய்த்து வைத்திருக்கிறது. கல் விரலை விட்டுப் போகும்போதே, அது எப்போது எங்கே வந்து விழும் என்பது கைக்குத் தெரியும். அதனால்தான் கண் தரையைப் பார்க்கலாம், வாய் கதை பேசலாம்.

இதையெல்லாம் படித்த பிறகு, ஒரு விடுமுறையில் பாட்டியிடம் ஒரு சோதனை செய்தேன். ‘பாட்டி, இந்தத் தடவை கல்லை நான் எறிகிறேன். நீ கீழே கிடக்கிறதை எடுத்துட்டு இதைப் பிடி’ என்றேன். அதே உயரம்தான், என்னால் முடிந்தவரை அதே இடம்தான். பாட்டியின் கை தரைக்கு இறங்கத் தயங்கியது, கண் மேலே பார்த்தது, பிறகு அவசரமாக ஒரு கல்லைப் பற்றியது. அதற்குள் நான் எறிந்தது திண்ணையில் டொக்கென்று விழுந்து, படியில் உருண்டு தெருவுக்கே போய்விட்டது.

பொடிசுகள் கைதட்டிச் சிரித்தன. பாட்டி என்னை முறைத்தாள்.

‘நீ எறியற கல்லை நான் எப்படிடா பிடிப்பேன்?’ என்றாள்.